இந்தக் கிழமை தொழில்நுட்பம், வியாபாரம் (2025 டிசம்பர் 1 முதல் 7 வரை): கணினிக்கு ராம் வாங்க இருப்பவர்கள் முதலில் படியுங்கள்

கொக்குவிலான் | ஞாயிறு, காலை 6.40

வணக்கம். போன கிழமை நான் எழுதவில்லை. டித்வா புயல் நவம்பர் 28ஆம் திகதி இலங்கையில் கரையேறிய பிறகு அமெரிக்கக் கொம்பனிகளின் கதை கேட்கிற மனநிலை இங்கே யாருக்கும் இருந்திருக்காது, எனக்கும் இல்லை. இந்தக் கிழமை கடையைத் திறந்து, வெள்ளத்தில் நனைந்து வந்த லப்டொப்புகளைக் கழற்றிக் காயவைத்துக்கொண்டே செய்திகளையும் பார்த்தேன். பார்த்ததில் நம் வீட்டு வாசல் வரைக்கும் வருகிற செய்தி ஒன்று இருக்கிறது, அதை முதலில் எழுதுகிறேன்.

புதன்கிழமை, 3ஆம் திகதி, மெமரி செய்யும் அமெரிக்கக் கொம்பனி மைக்ரோன் தன்னுடைய குரூஷியல் வியாபாரத்தை மூடப்போவதாக அறிவித்துவிட்டது. பச்சை நிறத் துண்டில் குரூஷியல் என்று ஒட்டி வருமே, அந்த ராம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக மெமரி), அந்த எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்). 29 வருடமாக இருந்த பெயர். பெப்ரவரி முடியும் வரை சில்லறைக்குச் சரக்கு விடுவார்கள், அதன் பிறகு இல்லை. ஏற்கெனவே வாங்கியவற்றுக்கு உத்தரவாதம் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நட்டத்தில் மூடவில்லை, அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் எவ்வளவு மெமரி கொடுத்தாலும் வாங்கிக்கொள்கின்றன. என்விடியாவின் சில்லுகளுக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காக வைத்து ஒட்டும் எச்பிஎம் என்ற வகை மெமரி இருக்கிறது, ஒரே அளவு கொள்ளளவுக்கு, புதுக் கணினிகளில் போடும் சாதாரண டிடிஆர்5 ராமைப் போல ஏறக்குறைய 3 மடங்கு சிலிக்கன் தட்டை (சில்லுகளை வெட்டி எடுக்கும் தட்டு) அது விழுங்கும். அதாவது ஒரு தரவு நிலையத்துக்கு 1 ஜிபி போனால், நம்முடைய பக்கத்தில் 3 ஜிபி குறைகிறது. உலகத்து ராமில் பெரும்பங்கைச் செய்வது சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று பேர்தான். ஒக்டோபரில் ஓப்பன்ஏஐ, சாம்சுங்கோடும் ஹைனிக்ஸோடும் செய்த உடன்பாட்டில் மாதத்துக்கு 9 இலட்சம் தட்டு வரை என்று இலக்குப் போட்டார்கள். இப்போது மூன்றாவது ஆளான மைக்ரோன் சில்லறைக் கதவைச் சாத்துகிறது.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்றால், என் கடையில் நான் செய்கிற வேலையில் பாதி, பழைய லப்டொப்பில் 4 ஜிபியை 8 ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, இன்னும் 3, 4 வருடம் ஓட வைத்துக் கொடுப்பது. பிள்ளைக்குப் புது லப்டொப் வாங்கிக் கொடுக்க முடியாத வீடுகளுக்கு அதுதான் வழி. செப்டெம்பரில் நான் எடுத்த அதே டிடிஆர்4 (டிடிஆர்5க்கு முந்திய தலைமுறை ராம்) துண்டுக்குப் போன வியாழக்கிழமை கொழும்பில் கேட்டபோது இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள், அதுவும் மத்தியானம் வரைதானாம், பிறகு விலை மாறலாமாம்.

ஆகவே நான் சொல்வது: இந்த மாதத்துக்குள் ராம் கூட்ட வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால் இப்போதே கூட்டுங்கள். வீட்டில் உடைந்து கிடக்கும் லப்டொப்பைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள், திரை உடைந்தாலும் மதர்போர்ட் எரிந்தாலும் உள்ளே இருக்கும் ராம் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும்.

மற்றச் செய்திகள் சுருக்கமாக. உள்ளங்கை அளவுக் கணினி செய்யும் ராஸ்பெரி பை திங்கட்கிழமையே விலையைக் கூட்டிவிட்டது, 16 ஜிபி பை 5 120 டொலரிலிருந்து 145 ஆனது. காரணம் மேலே சொன்ன அதே மெமரி. பாடசாலை ரோபோ கழகங்களுக்கு ஒரு ஆறுதல், 45 டொலருக்கு 1 ஜிபி பை 5 ஒன்றும் விட்டிருக்கிறார்கள், மோட்டரும் சென்சரும் ஓட்ட அது தாராளமாகப் போதும். இந்திய ரூபாய் முதன்முறையாக டொலருக்கு 90ஐத் தாண்டியது, இதுவும் புதன்கிழமை. இந்தியாவில் எல்லாப் புது போன்களிலும் அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி செயலியைக் கட்டாயம் போட்டு விற்க வேண்டும் என்ற உத்தரவு திங்களன்று வெளியே தெரிந்து, புதன்கிழமை திரும்பப் பெறப்பட்டது, சனம் சத்தம் போட்ட பிறகுதான் பெறப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் எக்ஸ் தளத்துக்கு 120 மில்லியன் யூரோ தண்டம் போட்டது, காசுக்கு விற்ற நீலக் குறி ஆட்களை ஏமாற்றுகிறது என்பது முதற்காரணம். நெட்ஃபிளிக்ஸ் வார்னர் பிரதர்ஸை வாங்கப்போவதாக அறிவித்தது, அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, கனடாவில் இருக்கும் ஸ்காபரோ அண்ணை எழுதுவார்.

நெல்லியடி வியாபாரி | ஞாயிறு, காலை 7.55

தம்பி, நல்லாக எழுதியிருக்கிறீர், ஆனால் இப்போதே வாங்குங்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் 2017, 2018இல் இதே கூத்தைப் பார்த்தவன். அப்போதும் ராம் விலை ஏறு ஏறென்று ஏறியது, எல்லோரும் பயந்து வாங்கினார்கள், 2019இல் தடாலென்று விழுந்தது. பயந்து வாங்கி அடுக்கியவர்கள்தான் அடிபட்டார்கள், அதில் நானும் ஒருவன். மெமரி வியாபாரம் வெங்காய வியாபாரம் போல, ஒரு போகம் விலை ஏறினால் அடுத்த போகம் எல்லோரும் வெங்காயம்தான் போடுவார்கள்.

இன்னொன்று, நம்முடைய ரூபா டொலருக்கு 300ஐத் தாண்டி நிற்கிறது. உச்ச விலைக்குச் சாமானும் எடுத்து அதற்கு மேல் வற் வரியும் கட்டினால் மாணவப் பிள்ளைக்கு எந்த விலைக்குக் கொடுப்பது?

கொக்குவிலான் | ஞாயிறு, காலை 8.20

அண்ணை, வெங்காயம் 3 மாதத்தில் விளையும், ஆனால் மெமரித் தொழிற்சாலை ஒன்று எழும்பி முதல் தட்டு வெளியே வர வருடக் கணக்காகும். மைக்ரோன் அமெரிக்காவில் ஐடஹோவில் கட்டுகிற புதுத் தொழிற்சாலையில் உற்பத்தி 2027இல்தான் என்று அவர்களே சொல்கிறார்கள். 2018இல் போன்களும் சேர்வர்களும் போட்டி போட்டன, ஆனால் யாரும் சில்லறைக் கடையை இழுத்து மூடவில்லை. அத்தோடு நம்மிடம் இருக்கும் லப்டொப்புகளில் அரைவாசிக்கு மேல் டிடிஆர்4. மைக்ரோன் டிடிஆர்4ஐ மெல்ல நிறுத்தப்போவதாக ஜூனிலேயே வாடிக்கையாளருக்கு அறிவித்துவிட்டது. விலை என்றோ ஒருநாள் விழும், அதை நான் மறுக்கவில்லை. விழும்போது டிடிஆர்5 விழும், நம் பிள்ளைகள் வைத்திருக்கும் டிடிஆர்4 விழுமா என்பதுதான் எனக்குள்ள கவலை.

வாங்கி அடுக்கச் சொல்லவில்லை. தேவைக்கு ஒன்று. அடுக்கி வைப்பதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

பரந்தன் வாத்தி | ஞாயிறு, காலை 9.10

ஒரு கிழமை கழித்து இன்றுதான் சரியாக நெட் கிடைத்தது, முதலில் திறந்தது இந்த இழையைத்தான்.

கரண்ட் நின்ற முதல் நாள் போன் வேலை செய்தது. அடுத்த நாள் விடிய ஒன்றும் இல்லை. எங்கள் சனத்துக்கு இது விளங்குவதில்லை, ரவர் விழாமல் நிற்கிறதே, ஏன் சிக்னல் இல்லை என்று கேட்கிறார்கள். ரவரின் அடியில் இருக்கும் பற்றரி சில மணித்தியாலத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும், டீசல் வண்டி வர ரோட்டு வேண்டும், ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். உலகச் செய்தியில் கிகாவாட் கணக்கில் மின்சாரம் இழுக்கும் தரவு நிலையங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்த ரவரடிப் பற்றரிதான் ஞாபகம் வருகிறது. ஒரு பிரதேச செயலகத்துக்கு ஒன்று என்று செய்மதி இணைய டிஷ்ஷும் ஒரு சோலார் பனலும் வைத்தால் அடுத்த மழைக்கு உதவும். ஸ்டார்லிங்க் ஜூலையிலிருந்து நாட்டில் இருக்கிறது. தனி ஆளுக்கு அந்தச் சாமானும் மாதச் சந்தாவும் கட்டாது, ஒரு கிராமத்துக்கே ஒன்று என்றால் கட்டும்.

என்னுடைய கேள்வி கொக்குவிலானுக்கு. என் மாணவன் ஒருவனுடைய லப்டொப் தண்ணீரில் போய்விட்டது. உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன், பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டிருக்கிறது, மிச்சப் பாடங்களின் குறிப்பெல்லாம் அதற்குள்தான். தாய் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். நாளைக்குப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறான்.

கொக்குவிலான் | ஞாயிறு, காலை 9.25

சேர், போட வேண்டாம் என்று இப்போதே போன் எடுத்துச் சொல்லுங்கள். சார்ஜரும் குத்த வேண்டாம். அரிசி உள்ளே இருக்கும் சேற்றை எடுக்காது, தூசியைத்தான் கூட்டும்.

இந்தக் கிழமை வந்த ஒன்றைச் சொல்கிறேன், கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பின் மூடியைக் கழற்றியதும் வாய்க்கால் மண் வாசம். முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றினேன், பற்றரிக்குப் பக்கத்து இரண்டு காலில் ஏற்கெனவே பச்சை பூத்துவிட்டது. காற்றாடிக்குள் ஒரு புல் நார். ராமை எடுத்துப் பார்த்தால், 260 கால்களில் ஒரு ஓரத்துப் பத்துப் பன்னிரண்டு கறுத்துப்போய் இருந்தது. ஐசோபுரப்பைல் அற்ககோலை மென்மையான பல் தூரிகையில் தொட்டு, போர்டை ஒரே பக்கமாக, அமுக்காமல், இணைப்பிகளின் இடுக்குகள் வரைக்கும் கழுவினேன். கறுத்த கால்களை வெள்ளை அழிறப்பரால் நீள வாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் பொன் பூச்சு உரிந்துவிடும். இரண்டு நாள் காற்றாடிக்கு முன்னால் வைத்தேன். போர்ட் பிழைக்கவில்லை சேர். ஆனால் எஸ்எஸ்டியை வேறு கணினியில் போட்டபோது எல்லாக் கோப்பும் இருந்தது, ராமும் நாலு மணித்தியாலச் சோதனையில் ஒரு பிழை இல்லாமல் ஓடியது. அந்தத் தாய் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் கோப்புறையைத் திறந்து காட்டும் வரைக்கும் ஒரு சொல் பேசவில்லை.

உங்கள் மாணவனிடம் லப்டொப்பை அரிசிப் பானையிலிருந்து எடுத்து, பற்றரி கழற்றக்கூடியதென்றால் கழற்றி, பலகையில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். வெயில் வேண்டாம், முடி காய வைக்கும் மெஷின் சூடும் வேண்டாம். ஆர் என்ன சொன்னாலும் ஓன் பண்ண வேண்டாம். குறிப்புகளை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு, காசு வேண்டாம்.

நுணாவில் பிள்ளை | ஞாயிறு, காலை 10.40

அண்ணை, நீங்கள் விட்டுப்போன ஒன்று இருக்கிறது, எனக்கு இந்தக் கிழமையின் மிகப் பெரிய செய்தி அதுதான்.

3ஆம் திகதி, இணையத் தளங்கள் கட்டப் பயன்படும் ரியாக்ட் என்ற மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டது. ரியாக்ட் சேர்வர் கொம்போனன்ட் என்ற பகுதியில். ஆபத்தை 10க்கு அளப்பார்கள், இதற்கு 10க்கு 10. உள்நுழையாத ஒரு வெளியாள் ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பி உங்கள் சேர்வரில் தன் கட்டளையை ஓட்டலாம். நான் சாவகச்சேரியில் வீட்டிலிருந்து நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் சின்ன வியாபாரங்களுக்குத் தளம் செய்து கொடுக்கிறேன், அதில் நான்கு, ரியாக்ட்டின் மேல் கட்டப்பட்ட நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸில் ஓடுவது. புதன் இரவு அம்மா விளக்கீட்டுத் தீபங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார், நான் ரியாக்ட் பதிப்பு 19.2.0 என்றிருந்ததை 19.2.1 ஆக்கிக்கொண்டிருந்தேன். நான்காவது தளம் கட்டி ஏறும்போது விடிய 2 மணி. அறிவித்த சில மணித்தியாலத்திலேயே ஆட்கள் தேடித் தேடித் தட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று அமேசன் எழுதியது.

இதோடு கோத்துத்தான் வெள்ளிக்கிழமைச் செய்தியைப் படிக்க வேண்டும். நம் நேரம் பிற்பகல் 2.17க்கு, ஏராளமான தளங்களுக்கு முன்னால் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவை விழுந்து 25 நிமிடம் கிடந்தது, அதன் வழியாகப் போகும் இணையப் போக்குவரத்தில் 28 சதவீதம் பாதிக்கப்பட்டது. ஏன் விழுந்தது? இதே ரியாக்ட் ஓட்டையிலிருந்து தங்கள் வாடிக்கையாளரைக் காப்பாற்ற, வரும் கோரிக்கைகளைச் சோதிக்கும் இடத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். அந்த மாற்றத்துக்கு இடைஞ்சலாக இருந்த உள் சோதனைக் கருவி ஒன்றை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம் படிப்படியாகப் போகாமல் உலகம் முழுக்க சில நொடிகளில் போய், பழைய நிரலில் வருடக் கணக்காக ஒளிந்திருந்த ஒரு பிழையை எழுப்பிவிட்டது. நவம்பர் 18 விழுந்ததற்கு மூன்று கிழமைகூட ஆகவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை, அன்றைக்கே இவ்வளவும் திறந்து எழுதியது பெரிய விஷயம். சந்தியில் ஒரு கடை பூட்டினால் பக்கத்துக் கடைக்குப் போவோம், இங்கே பக்கத்துக் கடையும் அதே கூரைக்குக் கீழே இருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன்.

இங்கே நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸில் தளம் வைத்திருப்பவர்கள் ரியாக்ட் 19.0.1, 19.1.2, 19.2.1 இவற்றில் ஒன்றுக்கோ அதற்குப் பிந்தியதற்கோ ஏறியிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள், நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸையும் சேர்த்து ஏற்ற வேண்டும். தெரியாவிட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஸ்காபரோ | ஞாயிறு, முற்பகல் 11.15 (இங்கே நடுச்சாமம்)

கொக்குவிலான் என்னை இழுத்துவிட்டார், சரி சொல்கிறேன். இந்தக் கிழமை அறிவிப்பின்படி வார்னருக்கு நெட்ஃபிளிக்ஸ் பங்கொன்றுக்கு 27.75 டொலர் கொடுக்கும், கடனோடு சேர்த்து 82.7 பில்லியன். படக் கூடமும் எச்பிஓவும் நெட்ஃபிளிக்ஸுக்கு, சிஎன்என் போன்ற தொலைக்காட்சிகள் தனிக் கொம்பனியாகப் பிரியும். அனுமதி கிடைக்காவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் 5.8 பில்லியன் கட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்தா ஒன்றாகி, அந்த ஒன்றின் விலை ஏறும், அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட நெருக்கமான செய்தி இந்திய விமானக் கொம்பனி இண்டிகோ. மார்கழி, தைக்கு ஊருக்கு வர இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறப்புகள் நிறுத்தப்பட்டன. விமானிகளின் கிழமை ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக்கி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் குறைத்த புது விதி நவம்பர் 1 முழுதாக நடைமுறைக்கு வந்தது, அதற்குத் தேவையான ஆட்களை அவர்கள் வைத்திருக்கவில்லை. இந்திய உள்நாட்டுப் பயணத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஒரே கொம்பனியின் கையில், அது தடுக்கினால் முழு நாடும் விழுகிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரும் சின்ன ஏடிஆர் விமானமும் அவர்களுடையதுதான். அந்த வழியாக வருகிறவர்கள் சென்னையில் ஒரு இரவு தங்குகிற மாதிரி இடைவெளி விட்டு ரிக்கெட் போடுங்கள்.

நெல்லியடி வியாபாரி | ஞாயிறு, மதியம் 12.30

நுணாவில் பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு என்னுடைய மகனிடம் கடைத் தளத்தைப் பார்க்கச் சொன்னேன். 19.1.0 என்று இருந்ததாம். இப்போது ஏற்றிவிட்டான். நன்றி பிள்ளை.

கொக்குவிலான், டிடிஆர்4 பற்றி நீர் சொன்னதை யோசித்தேன். என் களஞ்சியத்தில் 2020இல் அலுவலகம் ஒன்றிலிருந்து மொத்தமாக எடுத்த பழைய லப்டொப்புகள் இருக்கின்றன, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10க்கு ஒக்டோபர் 14 உடன் ஆதரவு முடிந்துவிட்டதால் விற்க முடியாமல் கிடக்கிறது. கழிவுக்குக் கொடுக்க நினைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் 8 ஜிபி டிடிஆர்4 இருக்கிறது.

கொக்குவிலான் | ஞாயிறு, மதியம் 12.45

அண்ணை, கழிவுக்குக் கொடுக்காதீர்கள்! அவற்றைக் கழற்றவும் வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் அப்படியே ஓடும், 8 ஜிபியோடு நல்லாகவே ஓடும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்கும் பயமில்லை, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் எம்17என் தொகுதியைச் சேர்த்தால் ரெங்கநாதன் விசைப்பலகை வருகிறது, ஏறக்குறைய அதே விரல், அதே இடம், எழுத்து மட்டும் யூனிகோட்டில் விழும். நான் கடையில் அதில்தான் பில் அடிக்கிறேன்.

எத்தனை இருக்கிறது?

நெல்லியடி வியாபாரி | ஞாயிறு, மதியம் 1.05

மகன் எண்ணினான். 14. அதில் 3க்குப் பற்றரி இல்லை, ஒன்றின் திரையில் கோடு. விலை வைக்கவில்லை, பரந்தன் சேரிடம் கேளும், அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் வெள்ளத்தில் இழந்தார்கள் என்று.

பரந்தன் வாத்தி | ஞாயிறு, மதியம் 1.50

இப்போதைக்கு என் வகுப்பில் மட்டும் 9 பேர். பக்கத்துப் பாடசாலையில் கேட்டுவிட்டு நாளை எழுதுகிறேன். எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை ஐயா.

அந்தப் பொடியன் லப்டொப்பை அரிசியிலிருந்து எடுத்துவிட்டான். ஓன் பண்ணவில்லையாம், சத்தியம் பண்ணுகிறான். செவ்வாய் காலை 6 மணி பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன்.

கொக்குவிலான் | ஞாயிறு, பிற்பகல் 2.00

சேர், பொலித்தீனில் சுற்றாமல் பழைய பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள், சார்ஜரையும் எடுங்கள். அண்ணை, திங்கள் பின்னேரம் என் தம்பி வானோடு நெல்லியடிக்கு வருவான். நுணாவில் தங்கச்சி, உங்களுக்கு நேரமிருந்தால் 14க்கும் ஒரே மின்ட் பிரதி தயாரித்துத் தாருங்கள், ரெங்கநாதன் விசைப்பலகையோடு.

நுணாவில் பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 2.10

இன்றிரவு செய்து வைக்கிறேன் அண்ணை. உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களின் பிடிஎப் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, அதையும் உள்ளே போட்டுவிடட்டுமா? எந்தெந்தப் பாடம் என்று சேர் சொல்லுங்கள்.